கிண்டி பார்க்ல மரம் நடக்கூடாதாம், பிடுங்கணுமாம்! யாராவது விளக்குங்களேன்

தரமணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா இங்க படிக்கிறதோட சரி, இப்பதான் முதல் பதிவு போடறேன், தப்பான பிரிவுல போட்டிருந்தா மாடரேட்டர் மாத்தி விட்டுடுங்க.

எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் சிஎஸ்ஆர்னு (கம்பெனி செய்யற சமூக சேவை) ஒரு நாள் எல்லாருக்கும் டீ-ஷர்ட் குடுத்து பஸ்ல ஏத்திட்டு போய் மரக்கன்னு நட வைப்பாங்க. இந்த வாட்டி அந்தப் பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. தினமும் சர்தார் படேல் ரோடு வழியா தான் வண்டியில போறேன், கையெட்டற தூரத்துல இவ்ளோ பெரிய காடு இருக்கறப்போ எதுக்கு செங்கல்பட்டு வரைக்கும் போகணும், கிண்டி நேஷனல் பார்க்லயே 500 கன்னு நட்டுடலாம்னு நெனச்சேன். நேச்சர் வாக் நடத்துற ஒரு அக்காகிட்ட யோசனை கேட்டா சிரிச்சுட்டு, "அங்க நடறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, பிடுங்கறதுக்கு தான் நெறைய இருக்கு, ஆள் இருந்தா சொல்லுங்க"ன்னாங்க. வெளிமானுக்கு, அதான் பிளாக்பக், புல்வெளி வேணுமாம், மரம் வந்தா புல்லு போயிடுமாம்.

எனக்கு நெஜமா புரியல. காடுன்னா சும்மா விட்டா தானா வளர்ந்துக்காதா? சுத்தி சுவர் கட்டி யாரையும் உள்ள விடாம வெச்சா போதாதா, இதுல தினம் தினம் மேனேஜ் பண்ண என்ன இருக்கு? வெளிமானுக்காக மரத்தை எடுக்கறீங்கன்னா புள்ளிமான் என்ன பாவம் பண்ணுச்சு? எல்லாத்துக்கும் மேல, எங்க மேனேஜர்கிட்ட போய் "சார் இந்த வருஷம் மரம் நடல, பிடுங்கறோம்"னு எப்படி சொல்றது?

---

புல்லுக்கட்டு:

தம்பி, அந்த அக்கா ஜோக் அடிக்கல. நான் கொஞ்ச வருஷமா சென்னையைச் சுத்தி களை எடுக்கப் போற குரூப்ல இருக்கறவ, நீளமா தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

வெளிய இருந்து பாக்க பெரிய காடா தெரியும், ஆனா பார்க் மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர் தான். 1910ல ரிசர்வ் ஃபாரஸ்ட்னு அறிவிச்சப்போ 500 ஹெக்டேருக்கு மேல இருந்துச்சு. 1958ல ஐஐடிக்கு ஒரு பெரிய துண்டு போச்சு, சிறுவர் பூங்காவுக்கு கொஞ்சம், நினைவு மண்டபங்களுக்கு கொஞ்சம்னு கரைஞ்சு மிச்சம் இருந்த 270 ஹெக்டேரை 1978ல நேஷனல் பார்க் ஆக்கினாங்க. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி, மத்த பக்கமெல்லாம் ரோடு. உள்ள இருக்கற மிருகம் வேற காட்டுக்குப் போக வழியில்ல, வேற காட்டுல இருந்து புதுசா எதுவும் வரவும் வழியில்ல.

இப்ப "சும்மா விட்டா" கேள்விக்கு வர்றேன். மான் விஷயத்துல முதுமலையை நீங்க சும்மா விடலாம். அங்க புலி இருக்கு, சிறுத்தை இருக்கு, செந்நாய் இருக்கு, புள்ளிமான் ரொம்பப் பெருகிட்டா அதுங்க பாத்துக்கும். யானை மரத்தை ஒடிச்சு அங்கங்க வெளி உண்டாக்கும். கிண்டியில குட்டி மானைத் தூக்கற நரியைத் தவிர வேட்டையாடற மிருகமே இல்ல. ஒரு காட்டை காடா வெச்சிருக்கற வேலையாள் எல்லாரையும் அனுப்பிட்டு "தானா நடக்கும்"னு உக்காந்தா நடக்காது, அந்த வேலையை மனுஷன் தான் செய்யணும். அதுக்குப் பேரு தான் மேனேஜ்மென்ட்.

புள்ளிமான் பாவம் ஒண்ணும் பண்ணல. ஆனா அது எங்க விட்டாலும் பொழைச்சுக்கற ஜாதி. புல்லும் தின்னும், தழையும் தின்னும், கீழ விழுந்த பழத்தையும் விடாது, புதர் நிழல்ல சுகமா இருக்கும். வெளிமானுக்கு அது ஒத்து வராது. அதுக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு கண்ணும் காலும் தான். தூரத்துல வர்றதைப் பாக்கணும், பாத்த உடனே ஓட எடம் வேணும், அதனால குட்டைப் புல்லு இருக்கற திறந்த வெளி தான் அதோட வீடு. கடா மான் அந்த வெளியில தனக்குன்னு ஒரு எல்லை பிடிச்சு, ஒரே எடத்துல புழுக்கை போட்டு அடையாளம் வெச்சு, மணிக்கணக்கா நிக்கும். புதர் மூடிட்டா எல்லை பிடிக்க எடமே கிடையாது. போலோ கிரவுண்டுனு ஒரு புல்வெளி இருக்கு, அது மாதிரி எடங்களை நம்பித் தான் அதுங்க இருக்கு. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கற மிருகம், புலிக்கு இருக்கற அதே அந்தஸ்து.

இப்ப வில்லனுக்கு வர்றேன், சீமைக்கருவேலம், வெளிநாட்டுல இருந்து வந்த முள்ளு மரம். மேல வெட்டினா அடிக்கட்டையில இருந்து நாலு அஞ்சு கிளையா எழும்பும், அதனால வேரோட எடுத்தா தான் உண்டு. அதோட காய் இனிப்பு, மானுக்கு ரொம்பப் பிடிக்கும். தின்னுட்டு போய் புல்வெளியில புழுக்கை போடும், விதை வயித்துக்குள்ள போய் வந்ததுல தோல் இளகி இன்னும் நல்லா முளைக்கும். ஐப்பசி மழை ரெண்டு பேஞ்சதும் புல்வெளியில உக்காந்து பாருங்க, புழுக்கைக் குவியல் ஒவ்வொண்ணுலயும் குட்டிக் குட்டியா ரெண்டு இலை விட்டு நிக்கும். அந்த நேரத்துல ரெண்டு விரலால இழுத்தா சுருக்குனு வேரோட வந்துடும். மாசிக்கு விட்டீங்கன்னா முழங்கால் ஒயரம், கடப்பாரை வேணும். ரெண்டு வருஷம் விட்டா ஜேசிபி வேணும், ஜேசிபி உள்ள வந்தா நல்ல மண்ணையும் சேத்துப் புரட்டிட்டுப் போகும், புரட்டின மண்ணுல அடுத்த செட் களை வரும். விதை வேற மண்ணுக்குள்ள பல வருஷம் உசிரோட கெடக்கும். அதனால இது ஒரு தடவை செஞ்சு ரிப்பன் வெட்டற வேலை இல்ல, வீடு பெருக்கற மாதிரி.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், பார்க் முழுக்க புல்லா இருக்கணும்னு யாரும் சொல்லல. களா, காரை, காட்டு எலுமிச்சை, பனைன்னு சோழமண்டலக் கரைக்கே உரிய புதர்க்காடு அங்க இருக்கு, இந்த மாதிரி காடு இப்ப கோயில் காடுகள்லயும் இங்க மாதிரி சில எடங்கள்லயும் தான் கொஞ்சம் மிச்சம். அது ஆமை வேகத்துல வளரும், பாக்க மொரட்டுப் புதர் மாதிரி தான் இருக்கும், ஃபோட்டோல அழகா வராது. அதுக்குள்ள போய் குழி தோண்டி நர்சரி கன்னு வெச்சா வேர் அறுபடும், நர்சரி பை மண்ணோட பார்த்தீனியம் களை விதையும் இலவசமா வரும். உங்களுக்கு வர்ற கன்னும் எதுவா இருக்கும்? தூங்குமூஞ்சி, பெருங்கொன்னை, அப்படி எதாவது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னிக்கு சென்னை ரோட்டுல எதெல்லாம் வரிசையா சாஞ்சுதுன்னு ஞாபகம் இருக்குல்ல. அந்தப் புயல்ல மேல கூரை மாதிரி இருந்த மரமெல்லாம் போய் வெயில் தரைக்கு வந்ததும், பிங்க் பூ விடற கோரல் வைன் கொடி அந்தச் சந்துல பூந்து செடி கொடி எல்லாத்தையும் போர்வை போட்ட மாதிரி மூடும். ஜனங்க அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

---

நேர்மையான_சந்தேகம்:

மேடம் சொல்றது புத்தகத்துல படிக்க நல்லா தான் இருக்கு. ஆனா 2017ல ஹைகோர்ட் சீமைக்கருவேலத்தை எடுக்கச் சொன்னப்போ எங்க ஊர் ஏரியில நடந்ததை நான் நேர்ல பாத்தேன். மெஷின் உள்ள எறங்குச்சு, சீமைக்கருவேலத்தோட நாட்டுக்கருவேலமும் போச்சு, கரையில நின்ன வேம்பும் போச்சு, லாரி லாரியா செங்கல் சூளைக்குப் போச்சு. ரெண்டு மழைக்கப்புறம் போய்ப் பாத்தா முன்ன இருந்ததை விட நெருக்கமா அதே முள்ளு. கொக்கு கூடு கட்ட மரம் தான் மிச்சம் இல்ல.

திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல பாத்திருக்கீங்களா, மஞ்சள்மூக்கு நாரையே சீமைக்கருவேலத்துல கூடு கட்டுது. அதுக்கு அது அன்னிய மரம்னு தெரியுமா என்ன? "களை எடுக்கறோம்"னு சொல்லிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அந்த தைரியத்துல தான் எல்லாம் நடக்குது. யார் அடையாளம் போடறாங்க, எது போகணும் எது இருக்கணும்னு, வெட்டின விறகு யாருக்குப் போகுது, அடுத்த வருஷம் திரும்பி வந்து பாக்க பணம் ஒதுக்கியிருக்காங்களா, இதுக்கு பதில் இல்லாம மரத்துல கை வெக்கக்கூடாது. தரமணிக்காரன் ப்ரோ, பேசாம ஒரு ஸ்கூல்ல போய் நாலு வேப்பங்கன்னு வெச்சுட்டு வாங்க, புண்ணியமா போகும்.

---

வேதாரண்யத்தான்:

ரெண்டு பேர் சொல்றதும் எங்க ஊர்ல ஒரே எடத்துல நடந்திருக்கு, அதனால சொல்றேன். கோடியக்கரை சரணாலயத்தை 1967ல ஆரம்பிச்சதே வெளிமானுக்காகத் தான். இப்ப வந்து பாருங்க, எங்க தாத்தா காலத்துல கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்லா கெடந்த எடத்துல முள்ளு ஏறி நிக்குது. இங்க மானு மட்டும் இல்ல, எப்பவோ விட்டுட்டுப் போன குதிரைங்க காட்டுக்குதிரையா ஆயிடுச்சு, அதுவும் புல்லைத் தின்னும், அதுவும் சீமைக்கருவேலங்காய் தின்னு ஊர் பூரா விதைக்கும். கஜா புயல் வந்தப்போ, 2018 நவம்பர், மானும் குதிரையும் எவ்ளோ செத்துச்சுன்னு எங்களுக்குத் தான் தெரியும். ஒரே எடத்துல எல்லாத்தையும் வெச்சிருந்தா ஒரு ராத்திரியில என்ன ஆகும்னு அப்ப பாத்தோம். அதனால தான் சொல்றேன், கிண்டி சின்னது தானே, அங்க நாலு மான் இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு நெனைக்காதீங்க. வல்லநாடு, சத்தியமங்கலம் பக்கம் மாயார், கோடியக்கரை, கிண்டின்னு அங்கங்க தீவு தீவா தான் இந்த மானு நம்ம ஸ்டேட்ல இருக்கு.

முள்ளு எடுக்கறதுல சந்தேகம் அண்ணன் சொன்ன பிரச்சினை இங்கயும் உண்டு. மொத்தமா ஒரே வீச்சுல எடுத்தா பொட்டல் தான் மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமா ஒரு துண்டு எடுத்து, அங்க புல்லு பிடிக்கற வரைக்கும் ரெண்டு மூணு மழைக்காலம் திரும்பத் திரும்பப் போய் நாத்து பிடுங்கி, அதுக்கப்புறம் அடுத்த துண்டுக்குப் போகணும். பறவை கூடு இருக்கற மரம்னா அதைக் கடைசியில வெச்சுக்கலாம். இன்னொண்ணு, இந்த மரத்துல கரி போட்டு, விறகு வெட்டி வயிறு கழுவற குடும்பம் எவ்வளவோ இருக்கு. அவங்களையே கூலிக்கு வெச்சா எந்த மரம் எதுன்னு மெஷின்காரனை விட நல்லாத் தெரியும். ஆனா டெண்டர்ல அப்படி வராதே.

---

கால்நடை_மாணவி:

களை பத்தி எல்லாரும் பேசிட்டாங்க, நான் வயித்துக்குள்ள இருக்கறதைப் பத்திப் பேசறேன், சாப்பிடற நேரத்துல படிக்காதீங்க.

சென்னைக்குள்ள செத்துப்போற மானைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணினா பல நேரம் இரைப்பையில பிளாஸ்டிக் இருக்கும். நாங்க திறந்து பாத்த ஒண்ணுல கேரி பேக், பிரியாணி பொட்டலத்தோட வெள்ளித்தாள், மாலை கட்டற நூல், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி ஒரு பந்து, கையில எடுத்தா சாக்குத்துணி மாதிரி கனமா வருது. மாடு மாதிரியே மானும் அசை போடற ஜாதி, மொத இரைப்பைக்குள்ள போன பிளாஸ்டிக் கீழ எறங்கவே எறங்காது. வயிறு ரொம்பிருக்கற மாதிரியே இருக்கும், அதனால மேயாது. வெளிய இருந்து பாத்தா வயிறு உருண்டையா கொழுகொழுன்னு தெரியும், உள்ள பட்டினி. உப்பும் எண்ணெயும் ஒட்டின கவர்னா மான் தேடிப் போய் திங்கும். சுவருக்கு வெளிய நின்னு "பாவம்"னு கவரோட சாப்பாடு தூக்கிப் போடறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நாய் விஷயம் பேசினா இங்க சண்டை வரும், தெரியும். ஆனா சுவர்ல ஒரு எடம் இடிஞ்சாலோ மழைத்தண்ணி போற கால்வாய்ல கம்பி போனாலோ நாய் உள்ள வரும். கூட்டமா துரத்தினா மான் ஓடி வேலியில மோதிக்கும், கடியே படாம கூட அதிர்ச்சியில செத்துப்போகும். சில சமயம் சுவர் தாண்டி ரோட்டுல குதிச்சு வண்டியில அடிபடும். அதனால ஃபாரஸ்ட் ஆளுங்களோட தினசரி வேலையில பாதி சுவரைச் சுத்தி நடக்கறது தான், இது யாருக்கும் தெரியாது, பேப்பர்லயும் வராது.

யாராவது "புள்ளிமான் அதிகம்னா பிடிச்சு வேற காட்டுல விடலாமே"ன்னு கேக்கப் போறீங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். மானைத் துரத்திப் பிடிச்சா அந்தப் பயத்துலயே தசை சிதைஞ்சு போகும், பிடிச்ச அன்னிக்கு நல்லா இருக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சு செத்துப்போகும். மத்திய பிரதேசத்துல போமான்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, புனல் மாதிரி வேலி கட்டி துணி மறைச்சு, மிருகம் தானா நடந்து வண்டிக்குள்ள ஏற வைக்கறது. அதுக்கு எடமும் வேணும் பொறுமையும் வேணும்.

---

புல்லுக்கட்டு:

மாணவி அருமையா சொல்லிட்டாங்க, சுவர் நடை பத்தி எழுதணும்னு இருந்தேன். அதோட தண்ணி. கோடையில உள்ள இருக்கற குளம் வத்தினா டேங்கர்ல தண்ணி கொண்டு போய் தொட்டியில ஊத்தணும். அந்தத் தொட்டி சிமெண்ட்ல தட்டு மாதிரி, ஓரம் சரிவா இருக்கணும், நம்ம வீட்டுத் தொட்டி மாதிரி நேர் சுவரா கட்டினா நட்சத்திர ஆமையும் மான் குட்டியும் உள்ள விழுந்தா ஏற முடியாது. யாரோ நல்ல மனசுல கட்டிக் குடுத்த நேர் தொட்டிக்குள்ள கல்லை அடுக்கிப் படி பண்ற வேலையை நாங்க ஒரு எடத்துல செஞ்சிருக்கோம்.

சந்தேகம் சார், உங்க கேள்வி மூணும் நியாயம். அதுல எனக்கு மறுப்பே இல்ல. 2022ல அன்னியக் களைத் தாவரங்களுக்குன்னே நம்ம ஸ்டேட்ல தனிக் கொள்கை போட்டாங்க, எடுத்த எடத்துல திரும்ப இயற்கைச் சூழலைக் கொண்டு வர்றதும் அதோட நோக்கம் தான், பேப்பர்ல இருக்கறது தரையில நடக்குதான்னு கேக்க வேண்டியது நீங்களும் நானும் தான். ஆனா ஏரியில தப்பா செஞ்சாங்கங்கறதுக்காக புல்வெளியை முள்ளுக்கு விட்டுடலாம்னு சொன்னா எப்படி? கூந்தன்குளத்துல வேற மரம் கம்மி, அங்க விட்டு வைக்கறது சரி. கிண்டி புல்வெளியில அதே மரம் வேற கணக்கு. எடத்துக்கு எடம் பாக்கணும் சார்.

---

நேர்மையான_சந்தேகம்:

எடத்துக்கு எடம்னு சொன்னீங்களே, அது வரைக்கும் சரி. அடையாளம் போடற அன்னிக்கு செடி தெரிஞ்ச ஒருத்தர் கூட நிக்கணும், பெயிண்ட் அடிச்ச மரத்தை மட்டும் தொடணும், அந்த லிஸ்ட் ஆபீஸ் போர்டுல ஒட்டணும். அப்படி நடந்தா நானே கடப்பாரையோட வர்றேன்.

---

துரைப்பாக்கம்_குமார்:

நடுவுல பூந்துக்கறேன். பள்ளிக்கரணை ஆளுங்க நாங்க இதைப் படிச்சு பெருமூச்சு விடறோம். உங்களுக்காவது சுவர் இருக்கு. சதுப்புநிலத்துக்கு எங்க சுவர் கட்டறது? 2022ல ராம்சர் லிஸ்ட்ல, அதான் உலக அளவுல முக்கியமான சதுப்புநிலங்களோட லிஸ்ட்ல, சேந்துச்சு, சந்தோஷம். ஆனா தென் சென்னையில இருக்கற பல ஏரித் தண்ணியும் அங்க தான் வந்து சேருது, அதோட சாக்கடையும் சேந்து வருது, போறதுக்கு ஒக்கியம் மடுவுங்கற கால்வாய் தான் முக்கிய வழி. ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு. சாக்கடை சத்துல ஆகாயத்தாமரையும் சம்புப் புல்லும் மூடிக்கிட்டே போகும், எடுக்க எடுக்க வரும். அங்கயும் இதே கதை தான், ஒரு தடவை மிஷின் விட்டு சம்பு முழுக்க வழிச்சுட்டா நீலத் தாழைக்கோழி எங்க போய் முட்டை வைக்கும்? அப்படியே விட்டா பூநாரைக்கு நிக்க தெளிஞ்ச தண்ணி இருக்காது. பாதி எடு பாதி விடு தான். ஆனா நம்ம ஜனம் பாதி எடுத்ததைப் பாத்தா "வேலையை அரைகுறையா விட்டுட்டான்"னு கம்ப்ளெயின்ட் குடுக்கும்.

---

தரமணிக்காரன்:

அப்பா, இவ்ளோ பதில் வரும்னு நெனக்கல, எல்லாருக்கும் நன்றி. மேனேஜர்கிட்ட நேத்து பேசினேன். மொதல்ல முழிச்சாரு. "பிடுங்கினா ஃபோட்டோல என்ன தெரியும், ரிப்போர்ட்ல எத்தனை மரம்னு போடறது"ன்னாரு. அந்த முளைச்ச புழுக்கைக் கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டாரு, "சரி, எத்தனை முள்ளு பிடுங்கினோம்னு போட்டுக்கலாம்"னு ஒத்துக்கிட்டாரு. எங்ககிட்ட 200 பேர் இருக்காங்க, வர்ற சனிக்கிழமையே வந்துடவா? வேற என்ன ரெடி பண்ணணும்?

---

புல்லுக்கட்டு:

இப்பவே வேண்டாம் தம்பி, வெயில்ல தரை காஞ்சு கெட்டியா இருக்கும், தண்டு பாதியில ஒடிஞ்சு வேர் உள்ளயே நின்னுடும். ஐப்பசியில மழை பிடிக்கட்டும். கிண்டிக்குள்ள வேலை செய்யணும்னா வனத்துறை எழுத்துல அனுமதி தரணும், நேஷனல் பார்க்ல அனுமதி இல்லாம ஒரு செடியைக் கூட தொட முடியாது, அது களையா இருந்தாலும் சரி. லெட்டரை இப்பவே குடுத்து வைங்க, கிடைக்கலன்னா வேற புறம்போக்கு ஏரிக்கரை நான் காட்டறேன், வேலைக்குப் பஞ்சம் இல்ல.

200 பேர் எல்லாம் கூடவே கூடாது. 20 பேர் போதும், பத்துப் பேருக்கு ஒரு செடி தெரிஞ்ச ஆள் வேணும், இல்லன்னா நம்ம நாட்டு மரமான வன்னியோட நாத்தையும் சேத்துப் பிடுங்கிடுவாங்க, சின்னதுல ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும். மிச்சம் 180 பேரை சுவருக்கு வெளிய ரோட்டோரம் பிளாஸ்டிக் பொறுக்க விடுங்க, மாணவி சொன்னதைப் பாத்தீங்கல்ல, அது தான் நெஜமாவே பெரிய வேலை. முள்ளுக்குத் தோல் கையுறை வேணும், தோட்ட வேலைக்கு விக்கற துணி கையுறை தாங்காது. செருப்பு போட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்பிடுவோம், கண்ணாடி விரியன் இருக்கற எடம். ஸ்பீக்கர் வேண்டாம். சாப்பாடு வெளிய தான், வாழையிலையில குடுத்தா கூட உள்ள எடுத்துட்டு வராதீங்க. அப்புறம் டீ-ஷர்ட் அந்த ஃப்ளோரசண்ட் பச்சையில அடிச்சுடாதீங்க, காக்கியோ பழுப்போ ஏதாவது பாருங்க. மேனேஜரையும் கூட்டிட்டு வாங்க.